நீருக்கடியில் பதினோரு வருடம்: அனுபவத்தைக் காட்டிச் சான்றிதழ் வாங்க முடியுமா?

மலேசியாவின் பட்டர்வர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 34. பதினோரு வருடங்களாகக் கப்பல் அடிப்பாகத்தில் ஒட்டி வளரும் கொட்டலசைச் சுரண்டுவது, புரொப்பெல்லரில் சிக்கிய வலையை அறுப்பது, படகுத்துறைத் தூண்களைச் சோதித்துப் படம் எடுப்பது, மீன் கூண்டுகளின் கிழிந்த வலையைத் தைப்பது என்று வேலை முழுவதும் நீருக்கடியில். கையில் இருப்பது ‘பாடி’ (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் டைவ் மாஸ்டர் அட்டை ஒன்றுதான். கெர்த்தே, லாபுவான் பக்கம் எண்ணெய் மேடை வேலைக்குக் கேட்டால், தொழில்முறை முக்குளிப்புச் சான்றிதழ் எங்கே என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் வெளிநாட்டுப் பள்ளியில் உட்கார முடியாது, வீட்டில் இரண்டு பிள்ளைகள். செய்த வேலையைக் காட்டியே சான்றிதழ் வாங்க வழி உண்டா என்பது அவர் கேள்வி.

வழி உண்டு தம்பி. ஆனால் நீங்கள் நினைக்கிற உயரத்துக்கு அந்த வழி ஒரே மூச்சில் ஏற்றிவிடாது. எங்கே நிற்கும், மிச்சத்தை எப்படிக் கடப்பது என்பதைத்தான் எழுதப்போகிறேன். நானும் அதே பட்டர்வர்த்தில், பாகான் டாலாமில் வளர்ந்தவன். கயிறு பிடிக்கும் பையனாகத் தொடங்கி, முக்குளிப்பாளனாகி, மேற்பார்வையாளனாக ஓய்வு பெற்றேன். நடுவில் இதே ‘முன் அனுபவ அங்கீகாரம்’ என்ற வாசல் வழியாக ஒருமுறை போய் வந்தேன், அதில் பட்ட அவமானத்தையும் பின்னால் சொல்கிறேன்.

முதலில் டைவ் மாஸ்டர் அட்டையை ஒரு பக்கம் எடுத்து வையுங்கள். அது உல்லாச முக்குளிப்புக்கானது. அந்த உலகத்தின் ஆழ எல்லை 40 மீட்டர், அங்கே கற்றுத் தருவதெல்லாம் முதுகில் குடுவையோடு, துணைக்கு ஒருவரோடு நீந்துவது. எண்ணெய் மேடை உலகம் வேறு. அங்கே ஒப்பந்தக்காரர்கள் பின்பற்றும் வழிகாட்டி ‘இம்கா’ என்ற கடல்சார் ஒப்பந்தக்காரர்களின் பன்னாட்டுச் சங்கத்துடையது. இரண்டு பழைய சங்கங்கள் சேர்ந்து 1995இல் உருவானது இது. அதன் டி 014 என்ற நடைமுறை விதித்தொகுப்பின்படி முதுகுக் குடுவையை மட்டும் நம்பி இறங்கும் ஸ்கூபாவுக்கு அங்கே இடமே இல்லை. காற்று மேலிருந்து குழாய் வழியாக வர வேண்டும், தலையில் ஹெல்மெட், காதில் பேச்சுத் தொடர்பு, முதுகில் அவசரக் காற்றுக் குடுவை. ஆட்களும் குறைந்தது ஐந்து பேர்: மேற்பார்வையாளர், நீருக்குள் இறங்குபவர், அவருக்கு ஆபத்து என்றால் குதிக்கத் தயாராக உடையணிந்து காத்திருப்பவர், இந்த இருவருக்கும் தலைக்கு ஒரு கயிறு பிடிப்பவர். பக்கத்திலேயே, அழுத்த நோய் வந்தவருக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை. காற்று சுவாசித்துப் போகும் ஆழத்துக்கு எல்லை 50 மீட்டர்.

கயிறு பிடிப்பவரை நம் ஆட்களில் சிலர் சும்மா நிற்பவர் என்று நினைக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்களாம். அக்காளோ தங்கையோ தாலி அறுப்பதை எவனும் விரும்பமாட்டான் என்ற கணக்கு. இம்கா சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான், மச்சானுக்குப் பதில் பயிற்சி பெற்ற ஆள்.

இம்காவிடமே போய் முக்குளிப்பாளர் சான்றிதழ் கேட்கலாமா என்றால் முடியாது. மேற்பார்வையாளர் போன்ற சில பதவிகளுக்குத்தான் அது நேரடியாகச் சான்றளிக்கிறது. சாதாரண முக்குளிப்பாளர்களுக்கு, எந்தெந்த நாட்டின் எந்தச் சான்றிதழை ஏற்கலாம் என்ற பட்டியலைப் பராமரிக்கிறது. உங்களுக்குத் தேவை அந்தப் பட்டியலில் உள்ள ஒன்று. பிரிட்டனின் எச்.எஸ்.இ., ஆஸ்திரேலியாவின் அடாஸ், கனடாவின் டி.சி.பி.சி. ஆகிய அமைப்புகளின் சான்றிதழ்கள் அதில் நெடுங்காலமாக இருப்பவை.

இதில் பழைய கதை ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் துறைமுகத்துப் பெரியவர்கள் “அந்தக் காலத்தில் அனுபவத்துக்கே அட்டை கொடுத்தார்கள்” என்று சொல்லி உங்களைக் குழப்புவார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. பிரிட்டனின் முக்குளிப்பு விதிகள் 1981 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு முன்பே வட கடலில் இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு இடைக்காலச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தக் கதவு மூடி நாற்பது வருடம் தாண்டிவிட்டது. இன்று அனுபவம் என்பது வகுப்பறை நாட்களைக் குறைக்கும், தேர்வைக் குறைக்காது.

உங்களுக்குப் பொருத்தமாக எனக்குத் தோன்றுவது அடாஸ். அதில் நான்கு படிகள். முதல் படி ஸ்கூபாவில் 30 மீட்டர். இரண்டாவது மேலிருந்து காற்று பெற்று 30 மீட்டர். மூன்றாவது அதே முறையில் 50 மீட்டர், எண்ணெய் மேடைக்கு இதுதான் நுழைவுச் சீட்டு. நான்காவது ‘பெல்’ என்ற மூடிய அழுத்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து இறங்கும் ஆழ்கடல் வேலை, அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அடாஸ் முன் அனுபவத்தை மதிப்பிட இடம் கொடுக்கிறது. ஆவணங்களை அனுப்புகிறீர்கள், அவர்கள் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் எழுத்து, வாய்மொழி, நீருக்குள் செய்முறை என்று சோதிக்கிறார்கள், எங்கே ஓட்டை இருக்கிறதோ அந்தப் பகுதிக்கு மட்டும் பயிற்சி கேட்கிறார்கள். கனடாவின் தர நிர்ணயமும் எத்தனை நாள் படித்தாய் என்பதைவிட என்ன செய்யத் தெரியும் என்பதைப் பார்க்கும் வகைதான், ஆனால் பினாங்கிலிருந்து போகும் விமானச் செலவை யோசியுங்கள்.

இனி கசப்பான பகுதி. உங்கள் வேலை எல்லாம் பத்துப் பன்னிரண்டு மீட்டரில் நடந்தது. பட்டர்வர்த் துறையில் அதற்கு மேல் ஆழம் எங்கே இருக்கிறது? ஆயிரம் முறை 12 மீட்டருக்குப் போனவர் 50 மீட்டருக்குப் போனவர் ஆகமாட்டார். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் என்று அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது, 12 மீட்டரில் இருமடங்கைச் சற்றே தாண்டும் அழுத்தம் 50 மீட்டரில் ஆறு மடங்காகிவிடும். அங்கே நைட்ரஜன் தலைக்கு ஏறி, கையில் சுத்தியல் இருக்கும்போதே சுத்தியலைத் தேட வைக்கும். ஆகவே மூன்றாம் படியை அனுபவத்தால் மட்டும் வாங்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்தவரை உங்கள் அனுபவம் நியாயமாகச் சுமக்கக்கூடியது முதல் படியையும், இரண்டாவதில் ஒரு நல்ல பங்கையும்தான்.

இரண்டாவதில் ஏன் முழுவதும் இல்லை? மீன் கூண்டில் நீங்கள் பயன்படுத்துவது ஹூக்கா. படகில் ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து மஞ்சள் குழாய், வாயில் கவ்வும் கருவி. அதுவும் மேலிருந்து வரும் காற்றுதான் என்று வாதாடலாம். மதிப்பீட்டாளர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. பேச்சுத் தொடர்பு இல்லை, ஆழம் காட்டும் குழாய் இல்லை, இரண்டாவது காற்று மூலம் இல்லை, முதுகில் அவசரக் குடுவையும் பெரும்பாலும் இல்லை. முறையான குழாய்க்கட்டைத் தொப்புள்கொடி என்றே அழைக்கிறார்கள், அதன் எல்லா இழைகளும் சேர்ந்துதான் ஆளை உயிரோடு வைத்திருக்கின்றன. இதற்கு மேல், பல கூண்டுகளில் கம்ப்ரசர் காற்று உறிஞ்சும் வாயும் எஞ்சின் புகைபோக்கியும் ஒரே பலகையில் அருகருகே இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். காற்று திசை மாறினால் கார்பன் மோனாக்சைடு நேராக நுரையீரலுக்குப் போகும். ஆழம் குறைவு, அதனால் பெண்ட்ஸ் (உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகித் தாக்கும் அழுத்த நோய்) வராது என்பதும் கூண்டு வேலையில் இருக்கும் தப்பான நம்பிக்கை. ஒரு நாளில் இருபது முப்பது முறை ஏறி இறங்கினால் ஆறேழு மீட்டரும் ஆளைப் படுக்க வைக்கும்.

சரி, இருக்கிற அனுபவத்தை எப்படி நிரூபிப்பது? இங்கேதான் நம் ஆட்கள் பெரும்பாலும் கவிழ்கிறார்கள். பதினோரு வருடம் இறங்கினேன் என்று வாயால் சொன்னால் அது கதை. ஒவ்வொரு இறக்கத்துக்கும் தேதி, இடம், ஆழம், அடியில் இருந்த நேரம், காற்று முறை, பின்பற்றிய அழுத்தக்குறைப்பு அட்டவணை, செய்த வேலை, மேற்பார்வையாளரின் பெயரும் கையெழுத்தும் இருந்தால்தான் மதிப்பீட்டாளர் முன் அது அனுபவம். நீங்கள் பதிவேடு எழுதாதவர் என்று உங்கள் கேள்வியிலிருந்தே ஊகிக்கிறேன். பரவாயில்லை, இன்றைக்கு இறங்கியதை இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்.

பழையதைத் திரட்ட வழி இருக்கிறது. இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதி அறிக்கையை எடுங்கள், எந்த முதலாளியிடம் எந்த மாதம் வேலை செய்தீர்கள் என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி கிடையாது. துறைமுக நுழைவு அனுமதிச் சீட்டுகள், வேலை அனுமதிப் படிவங்களின் நகல், கப்பல் முகவருக்கு உங்கள் முதலாளி அனுப்பிய பில், அதோடு போன நீருக்கடிப் படங்கள், தேதியோடு கிடைக்கும் பழைய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் உதவும். அவற்றை வைத்துக் கப்பல் வாரியாக ஒரு சுருக்கம் தயாரித்து, முதலாளியின் தலைப்புத் தாளில் கடிதமாக வாங்குங்கள். அதில் “நல்ல பையன், கடின உழைப்பாளி” என்ற புகழ்ச்சி வேண்டாம். எத்தனை கப்பல், எத்தனை மீட்டர், எந்த முறை என்ற எண்கள் போதும். பழைய முதலாளிகளில் ஒருவர் தொழிலை மூடிவிட்டு ஊருக்குப் போயிருப்பார், இன்னொருவரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்திருப்பீர்கள். சண்டை போட்டவரிடமும் போகத்தான் வேண்டும், கொஞ்சம் தலையைக் குனிந்தால் ஒன்றும் தேய்ந்துவிடாது.

பொய்ப் பதிவேடு மட்டும் எழுதாதீர்கள். ஐந்து வருட இறக்கங்களை ஒரே இரவில், ஒரே பேனாவில் எழுதிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர், அமாவாசைக்கு மறுநாள் பினாங்கு நீரிணையில், நீர் பாய்ந்து ஓடும் நேரத்தில், மூன்று மணி நேரம் தொடர்ந்து தூண் சோதித்ததாக எழுதியிருந்தார். ஓத அட்டவணையை எடுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். இங்கே வேலை செய்தவருக்கு நீர் நிற்கும் இடைவெளியில்தான் இறங்க முடியும் என்று தெரிந்திருக்கும். ஒரு பக்கம் பொய்யாகத் தெரிந்தால் மீதி நூறு பக்கமும் பொய்யாகிவிடும்.

இனி என் அவமானம். ஒன்பது வருட அனுபவத்தோடு ஆஸ்திரேலியாவில் ஒரு பயிற்சிப் பள்ளிக்கு மதிப்பீட்டுக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். நீருக்குள் 12 மீட்டரில் ஒரு விளிம்பு இணைப்பின் போல்ட்களை முறுக்கிக்கொண்டிருந்தேன், அதுவும் அழகாகவே. காற்றை நிறுத்துவோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், எந்த நிமிடம் என்று சொல்லவில்லை. காற்று நின்றது. என் கை அவசரக் குடுவையின் வால்வுக்குப் போக வேண்டும், அப்புறம் மேலே இருப்பவருக்குச் சொல்ல வேண்டும், பின் தொப்புள்கொடியைப் பிடித்தபடி வந்த வழியே திரும்ப வேண்டும். நான் என்ன செய்தேன்? முறுக்கியைப் போட்டுவிட்டு, மேலே பார்த்துக் காலை உதைத்தேன். ஒன்பது வருடமும் ஆழமற்ற நீரில் எனக்குப் பழகியிருந்தது அது ஒன்றுதான். ஏதாவது ஆனால் மேலே போ. ஐம்பது மீட்டரில் அதையே செய்திருந்தால் நுரையீரல் கிழிந்திருக்கலாம். மதிப்பீட்டாளர் திட்டவில்லை. “போல்ட் வேலையில் உனக்கு நான் கற்றுத்தர ஒன்றுமில்லை, இதில் நீ முதல் நாள் மாணவன்” என்றார். இரண்டு வாரம் அவசரப் பயிற்சி மட்டும் செய்து மறுபடி தேர்வு எழுதினேன்.

அதனால் சொல்கிறேன், உங்கள் ஓட்டையும் அங்கேதான் இருக்கும். மயங்கியவரை நீருக்குள்ளிருந்து எடுப்பது, பேச்சுத் தொடர்பு அறுந்தால் கயிற்றிழுப்பில் பேசுவது, ஹெல்மெட்டில் நீர் புகுந்தால் வெளியேற்றுவது, அழுத்த அறையை இயக்குவது, மற்றவருக்குக் கயிறு பிடிப்பது. கப்பல் சுரண்டும் வேலையில் இவை தினமும் வருவதில்லை. உங்கள் பலமும் ஒன்று உண்டு, அதை அவர்களிடம் வெட்கமில்லாமல் சொல்லுங்கள். நம் நீரிணையில் முகக்கண்ணாடிக்கு முன்னால் நீட்டிய கை தெரியாது. 2019 ஜனவரியில் பினாங்குப் பாலத்திலிருந்து கார் ஒன்று கடலில் விழுந்தபோது தேடியவர்களுக்கும் கலங்கலும் இழுப்பும்தான் பெரிய தடைகள். தடவிப் பார்த்தே வேலையை முடிக்கும் விரல்கள் தெளிந்த நீரில் பயின்றவர்களுக்கு எளிதில் வராது.

வாய்மொழித் தேர்வில் கணக்கு கேட்பார்கள். ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். 12 லிட்டர் குடுவை, 200 பார் அழுத்தம், 30 மீட்டர் ஆழம், பதற்றத்தில் நிமிடத்துக்கு 40 லிட்டர் சுவாசம் என்றால் எத்தனை நிமிடம் தாங்கும்? குடுவையில் 2400 லிட்டர். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு, ஆக நிமிடத்துக்கு 160 லிட்டர். பதினைந்து நிமிடம் என்று வரும். அங்கே நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரை உறிஞ்ச முடியாது, ஏறுவதற்கும் காற்று வேண்டும், எனவே உண்மையில் அதைவிடக் குறைவு என்று நீங்களே சேர்த்துச் சொன்னால் மதிப்பீட்டாளர் முகம் மாறும்.

இன்னொரு கேள்வி அழுத்த வேறுபாடு பற்றி நிச்சயம் வரும். அதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், தேர்வுக்காக மட்டும் அல்ல. மதகு, குழாய், கப்பலின் கடல்நீர் உறிஞ்சும் வாய் ஆகியவற்றில் இரு பக்கமும் நீர்மட்டம் வேறுபட்டால் ஓட்டையை நோக்கி நீர் இழுக்கும். 30 செண்டிமீட்டர் விட்டமுள்ள குழாய், ஐந்து மீட்டர் மட்ட வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வாயில் உடல் ஒட்டிக்கொண்டால் அழுத்தும் விசை 350 கிலோவுக்குச் சமம். எந்தக் கயிறு பிடிப்பவரும் இழுத்து எடுக்க முடியாது. அருகில் போகும்வரை இழுப்பு தெரியாது என்பதுதான் இதன் கொடூரம். ஓடும் நீர் எவரையும் விடாது. 2018 அக்டோபரில் பூச்சோங் அருகே பழைய ஈயக்குட்டையில் ஒரு சிறுவனைத் தேடிப்போன ஆறு தீயணைப்பு முக்குளிப்பு வீரர்கள் இறந்தார்கள். அவர்கள் யாரும் கற்றுக்குட்டிகள் அல்லர்.

கப்பல் வேலைக்குப் போகும்போது இதையே நடைமுறையாக்குங்கள்: உறிஞ்சும் பம்புகள் நிறுத்தப்பட்டுப் பூட்டப்பட்டனவா, புரொப்பெல்லர் சுழலாதபடி பூட்டுப் போட்டாயிற்றா, நீருக்குள் ஆள் இருப்பதைக் காட்டும் வெள்ளையும் நீலமுமான ‘ஆல்ஃபா’ கொடி ஏற்றியாயிற்றா, அனுமதிப் படிவத்தில் கப்பல் தலைமைப் பொறியாளரின் கையெழுத்து இருக்கிறதா. இல்லை என்றால் இறங்காதீர்கள். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி விலகிக்கொள்ளும் உரிமையை அது தருகிறது. முதலாளி முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

உள்நாட்டு வழி ஒன்றைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே., 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. அதில் ‘பி.பி.டி.’ என்ற முன் சாதனை அங்கீகார வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையின் ஆதாரக் கோப்பைத் தயாரித்து, மதிப்பீட்டாளர் முன் காட்டித் தேறலாம். உங்கள் வேலைக்கான தேசியத் தொழில்திறன் தரம் எந்த நிலையில் உள்ளது என்பதை முதலில் துறையிடம் கேளுங்கள். நிலத்தில் நீங்கள் வெல்டிங் செய்பவர் என்றால் அந்தப் பிரிவில் இதைச் செய்வது மிகவும் பயனுள்ளது, முக்குளிப்புக் குழுக்களில் கைத்தொழில் தெரிந்தவருக்குத்தான் முதலில் அழைப்பு வரும். ஆனால் எண்ணெய் மேடைக்கு இம்கா பட்டியல்தான் கணக்கு, எஸ்.கே.எம். இருக்கிறது என்று அங்கே வாதாடிப் பயனில்லை. உங்கள் நிறுவனம் மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்கு ஒரு விழுக்காட்டு வரி செலுத்துகிறதா என்றும் விசாரியுங்கள். செலுத்துகிறது என்றால் பயிற்சிச் செலவின் ஒரு பகுதியை அதிலிருந்து பெற முதலாளி விண்ணப்பிக்க இடமுண்டு. அவர் தாமாகச் சொல்லமாட்டார்.

நடுவில் யாராவது வந்து, மூன்று நாளில் அட்டை வாங்கித் தருகிறேன், பணம் மட்டும் கொடுங்கள் என்பார்கள். வருவார்கள், நிச்சயம் வருவார்கள். அந்தச் சான்றிதழின் சரியான பெயர் இம்கா பட்டியலில் இருக்கிறதா, வழங்கிய அமைப்புக்கே எழுதினால் எண்ணைச் சரிபார்த்துத் தருகிறார்களா என்ற இரண்டையும் பாருங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் வீட்டுப் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முக்குளிப்பு மருத்துவப் பரிசோதனை. ஆவணம் திரட்டி, பணம் கட்டி, டிக்கெட் எடுத்த பிறகு காது செவிப்பறையிலோ நுரையீரலிலோ குறை தெரிந்து திரும்பியவர்கள் உண்டு. முக்குளிப்பு மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் போங்கள், மூச்சளவு, செவித்திறன், இதயப் பதிவு எல்லாம் பார்ப்பார். சாதாரண கிளினிக்கில் வாங்கிய தாள் இதற்குச் செல்லாது. சிறுவயதில் ஆஸ்துமா இருந்திருந்தால் மறைக்காதீர்கள். பெண்ட்ஸ் வந்து யாருக்கும் சொல்லாமல் தைலம் தேய்த்துப் படுத்த நாட்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூட்டுவலி என்று நாம் ஒதுக்கியது என்னவென்று அவருக்குத் தெரியும். அழுத்த அறை வேண்டிய நிலை வந்தால் நமக்கு லுமுட்டில் ஆயுதப்படை மருத்துவமனை இருக்கிறது, வண்டியில் போகும் தூரம்தான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த மாதம் மருத்துவரைப் பார்த்துவிட்டு, அடுத்த இரண்டு மாதம் காகிதம் திரட்டுவேன். பிறகு அடாஸ் அங்கீகரித்த நிலையத்துக்குச் சுருக்கமாக எழுதி, என் கோப்புக்கு எதை ஏற்பீர்கள், எதற்குப் பயிற்சி வேண்டும் என்று எழுத்தில் பதில் கேட்பேன். அந்தப் பதில் வந்த பிறகுதான் செலவுக் கணக்கு போடுவேன், மூன்றாம் படிக்கான பயிற்சியையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்பேன். உங்கள் பழைய முதலாளி கடிதம் தர மறுத்தால், எந்தக் கப்பல், எந்த மாதம் என்று மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அந்தக் காலத்துக் கப்பல் முகவர்களில் ஒன்றிரண்டு பேர் இன்னும் காலையில் பாகான் டாலாம் சந்தைப் பக்கம் தேநீர் குடிக்க வருகிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன்.